எதிர்க்கரைக் கையெழுத்து

வாய்க்காலுக்குக் குறுக்கே கிடந்த ஒற்றைப் பனைமரத்தில் லூக்காஸ் சார் நடந்து போனது இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

மார்கழி முடிகிற சமயம். பகல் பதினோரு மணி வெயில். வெள்ளை வேட்டி, அரைக்கைச் சட்டை, சட்டைப் பையில் மூக்குக்கண்ணாடி. இரண்டு கையாலும் ஒரு எவர்சில்வர் தாம்பாளத்தைப் பிடித்திருந்தார். எழுபது வயதைத் தாண்டிய கிரேக்கர், எங்கள் ஊர்க்காரர்களே வழுக்கி விழுகிற பாலத்தில் கீழே பார்க்காமல் போய்க்கொண்டிருந்தார்.

எனக்குப் பின்னால் என் அண்ணன் கலியமூர்த்தி கத்தினான்.

“மங்கை, அவரத் திரும்பி வரச் சொல்லு. எவன் வாசல்லயும் போய் நாம நிக்க வேணாம்.”

நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றேன். பனைமரப் பாலம் என்றால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே நடுக்கம். அந்த மனிதரைத் தனியாக விடவும் மனசு வரவில்லை.

தட்டில் தேங்காய், வாழைப்பழம், வெற்றிலை பாக்கு இருந்தன. அதோடு நிறுத்தியிருக்கலாம். மஞ்சள், குங்குமம், ஒரு டஜன் கண்ணாடி வளையல், மேலே ஐந்து முழம் மல்லிகையும் இருந்தது. அந்த மல்லிகைதான் வம்பை இழுத்தது.

மாடி ஏறி வந்தவர்

போன வாரம் இந்தப் பத்தியில் என் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் பரீட்சைக்குப் படித்த பெண்களைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுப் பழைய மாணவி ஒருத்தி போன் செய்து சண்டை பிடித்தாள். “நம்ம லூக்காஸ் சாரை விட்டுட்டீங்களே, மேடம்?”

விடவில்லை. அவருக்குத் தனியாக ஒரு வாரம் ஒதுக்கி வைத்திருந்தேன்.

தஞ்சாவூர் கீழவாசலில், ஒரு மெஸ்ஸுக்கு மேல் மாடியில் இன்ஸ்டிடியூட். பதினெட்டுப் படி. கீழே சாம்பார் தாளித்தால் மேலே பெண்கள் தும்முவார்கள். அந்தப் படிகளை ஏறி மூச்சு வாங்க வந்து நின்றவர், கையில் ஒரு கட்டுக் காகிதத்தை வைத்துக்கொண்டு, “தட்டெழுத்து ஆசிரியை தாங்கள்தானா?” என்று கேட்டார். பெண்கள் எல்லாரும் மெஷினை நிறுத்திவிட்டார்கள்.

அவர் தமிழ் அப்படித்தான் இருக்கும். ஏதோ வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் பழந்தமிழ் படித்தவர். புத்தகத்தில் இருப்பது போலவே பேசுவார். காய்கறிக்காரியிடம் “இக்கத்தரிக்காய் புதியதா?” என்று கேட்பார். அவளும் முகம் மாறாமல், “காலைலதான் வந்துச்சு சாமி” என்பாள்.

ஊர் சைப்ரஸ். மத்தியதரைக் கடலில் ஒரு தீவு. அங்கே கிரேக்கம் பேசுகிறவர்களும் உண்டு, துருக்கி பேசுகிறவர்களும் உண்டு. அவர் வாலிபத்தில் தீவு பிரிட்டிஷ்காரன் கையில் இருந்தது. இவர் லண்டனில் படித்துக்கொண்டே விடுதலைக்கு ஆதரவு தேடி அலைந்திருக்கிறார். நாடு நாடாகத் தூதரகங்களில் போய் மனுக் கொடுப்பது, பத்திரிகைக்குக் கடிதம் எழுதுவது, பெரிய மனிதர்களின் அறை வாசலில் காத்துக் கிடப்பது. இவரும் இவர் சிநேகிதர் ஒருவரும், இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு நல்ல கோட்டு வைத்திருந்தார்களாம். யாருக்கு அன்றைக்குச் சந்திப்போ அவர் போட்டுக்கொள்வார். மற்றவர் அறையில் போர்வையைச் சுற்றிக்கொண்டு மனு எழுதுவார்.

“எனக்குக் கோட்டு பெரியது. ஆகவே பெரும்பாலும் எழுத்து வேலைதான் எனக்கு” என்று சொல்லிச் சிரிப்பார்.

விடுதலை கிடைத்தது. புது நாட்டுக்குத் தூதர்கள் வேண்டியிருந்தது. சொந்தக் கோட்டு தைத்துக்கொண்டு பல ஊர்களில் இருந்தார். கொஞ்ச காலம் டெல்லியிலும் இருந்தார். அங்கேதான் காவிரி கடலில் சேருகிற ஊருக்கு அந்தக் காலத்தில் யவனர்கள் கப்பலில் வந்த கதையைக் கேள்விப்பட்டிருக்கிறார். வேலையை விட்டு, பல வருஷம் கழித்து மனைவியும் போன பிறகு, அந்த யவனர்களைத் தேடித் தஞ்சாவூருக்கு வந்து ஒரு வீடு பிடித்துக்கொண்டார். கை நடுங்கியதால் எழுதியதெல்லாம் கிறுக்கலாக இருக்கும். அதை நான் டைப் அடித்துக் கொடுத்தேன்.

இட்லிக்கு நல்லெண்ணெய்தான் அவருக்கு உயர்த்தி. ஆனால் அவர் ஊரிலிருந்து வருகிற ஆலிவ் எண்ணெயை ஒரு சொட்டாவது தொட்டுக்கொள்வார். அம்மாவுக்காக என்பார். அம்மா செத்து நாற்பது வருஷம் ஆகியிருந்தது.

மேற்படி வடகரைவாசிகள்

அண்ணன் ஒரு நாள் காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்தான். திருத்துறைப்பூண்டி பக்கம், வாய்க்காலின் கடைமடையில் எங்கள் நிலம். சம்பா பயிர் கதிர் விட்டுப் பால் பிடிக்கிற நேரம். அந்த நேரத்தில் பதினைந்து நாள் தண்ணீர் இல்லையென்றால் நெல் எல்லாம் பதர்தான். பார்க்கப் பச்சையாக நிற்கும். கதிரைக் கசக்கினால் உள்ளே ஒன்றும் இருக்காது.

ஆறு நாள் ஆகிவிட்டது என்றான். அவன் சட்டையைப் பார்த்தாலே தெரிந்தது. இரண்டு நாளாக மாற்றவில்லை.

வாய்க்காலுக்கு வடகரையில் இருக்கிற ஊர் எங்களுக்குக் கொஞ்சம் மேலே இருக்கிறது. முன்னெல்லாம் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சினோம். அவர்களுக்கு மூன்று நாள், எங்களுக்கு மூன்று நாள். இரண்டு வருஷம் முன்னால் ஏதோ வாய்த் தகராறில் முறை நின்றுபோனது. பேச்சுவார்த்தையும் நின்றுபோனது. இப்போது அவர்கள் வாய்க்காலுக்குக் குறுக்கே மண் மூட்டை அடுக்கிவிட்டார்கள். அந்த ஊருக்கு முன்னால் நிற்கிறவர் பக்கிரிசாமி. அண்ணனோடு ஒரே பெஞ்சில் படித்தவர்.

“கலெக்டருக்கு ஒரு மனு. அடிச்சா அவன் எந்திரிக்கக் கூடாது. அப்படி டைப் பண்ணிக் குடு” என்றான்.

எனக்கா தெரியாது? மனு அடிப்பதில் அந்தக் கீழவாசலிலேயே என்னை மிஞ்ச ஆள் கிடையாது. பெறுநர், பொருள், பார்வை எல்லாம் அதனதன் இடத்தில் உட்காரும். “மேற்படி வடகரைவாசிகள் அராஜகமான முறையில்” என்று தொடங்கி ஒரு பக்கம் முழுக்கக் காய்ச்சி எடுத்தேன். அடிக்க அடிக்க எனக்கே ரத்தம் சூடாகிவிட்டது.

லூக்காஸ் சார் மூலையில் உட்கார்ந்து சர்க்கரை போடாத காப்பியைக் குடித்துக்கொண்டிருந்தார். அண்ணன் அவரைப் பார்த்தான்.

“சார் தூதரா இருந்தவராமே? இதே மாதிரி எத்தனை மனு எழுதியிருப்பாரு. ஒரு பார்வ பாக்கச் சொல்லு.”

படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டார். பிறகு அவர் கேட்டது ஒரே கேள்வி.

“இதில் எதிர்க்கரையினர் எத்தனை பேர் கையெழுத்து இட்டிருக்கிறார்கள்?”

நான் சிரித்துவிட்டேன். அண்ணன் சிரிக்கவில்லை.

“சார், மனுவே அவனுங்க மேலதான்.”

“அதனால்தான் கேட்கிறேன்” என்றார்.

நூறு அடி

எனக்குக் கோபம் வந்தது. பயிர் சாகிறது, இவர் வேதாந்தம் பேசுகிறார் என்று தோன்றியது. அதை அப்படியே அவர் முகத்துக்கு நேரே சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

அவர் பிறந்த ஊரில் ஒரு ஊற்று. ஊற்றுக்கு இந்தப் பக்கம் கிரேக்க வீடுகள், அந்தப் பக்கம் துருக்கி வீடுகள். எலுமிச்சைத் தோட்டங்களுக்கு அந்தத் தண்ணீரை முறை வைத்துத்தான் பாய்ச்சுவார்கள். எதிர்ப்பக்கத்து முறைக்காரர் வீட்டுப் பையன் பெயர் ஹசன். இவர் வயதுதான். இவர் தூங்கிப்போனால் அவன் இவர் பாத்தியையும் சேர்த்துத் திறந்துவிடுவானாம்.

“விடுதலை மனுவில் ‘இத்தீவின் மக்களாகிய நாங்கள்’ என்று எழுதினேன். எத்தனையோ தலைநகரங்களுக்கு அதை எடுத்துச் சென்றேன். விடுமுறைக்கு ஊருக்குச் சென்றபோதும் அது என் பையில் இருந்தது. ஹசனின் வீடு ஊற்றிலிருந்து நூறு அடி. அவனிடம் மட்டும் எடுத்துச் செல்லவில்லை.”

“ஏன் சார்?”

“கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை. அதுதான் கொடுமை.”

விடுதலை வந்து சில வருஷத்திலேயே இரண்டு பக்கமும் அடிதடி. கடைசியில் தீவே இரண்டாகப் பிரிந்தது. அவர் ஊர் துருக்கிக்காரர்கள் பக்கம் போய்விட்டது. ஊரில் இருந்த கிரேக்கர்கள் எல்லாரும் கிளம்பி வந்துவிட்டார்கள். ஹசன் அங்கேயே இருக்கிறார். லூக்காஸ் சார் தூதர் வேலையை விட்டதும் அந்தச் சமயத்தில்தான்.

“இப்ப நடுவுல இருக்கிற எல்லைக் கேட்டைத் திறந்துட்டாங்கன்னு பேப்பர்ல போட்டிருந்தாங்களே சார். போய்ப் பாக்கலாமே?” என்றேன்.

அவர் காப்பி டம்ளரை மறுபடி கையில் எடுத்துக்கொண்டார். உலகத்தில் பாதி அரசாங்கங்களோடு பேசிய மனிதர், ஒரு பழைய சிநேகிதனின் வாசலுக்குப் போகப் பயந்தார். அது எனக்கு அப்போதே புரிந்தது. பாவமாகவும் இருந்தது.

அண்ணன் மனுவை வாங்கி மடித்துப் பையில் வைத்தான். “திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல குடுத்துடுவேன்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

தட்டு வைத்து அழைப்பது

அடுத்த நாள் ஒரு பெண்ணின் ஸ்பீடு டெஸ்ட்டைத் திருத்திக்கொண்டிருந்தேன். ஒரே பக்கத்தில் பதினான்கு தப்பு. அந்த எரிச்சலில் இருந்தபோது லூக்காஸ் சார் வந்து, “ஒருவரை முறைப்படி அழைக்க வேண்டுமானால் இங்கே என்ன செய்வார்கள்?” என்று கேட்டார்.

தலையைத் தூக்காமலே, “தட்டு வச்சித்தான் சார் கூப்பிடணும்” என்றேன்.

அவர் நேரே கடைத்தெருவுக்குப் போயிருக்கிறார். கடைக்காரர், “விசேஷமா சார்?” என்று கேட்டிருக்கிறார். இவர் “ஆம், மிகவும் விசேஷம்” என்றிருக்கிறார். “பொண்ணு வீட்டுக்கா?” என்ற கேள்விக்கு, பக்கிரிசாமி வீட்டில் ஒரு பெண் இருப்பதாக அண்ணன் சொன்னது ஞாபகம் வந்து, அதற்கும் ஆம் என்றிருக்கிறார். பிறகு கேட்பானேன்? கடைக்காரர் நிரப்பிக் கொடுத்துவிட்டார்.

சனிக்கிழமை, “உங்கள் கிராமத்தைப் பார்க்க வேண்டும்” என்றார். பையில் என்ன இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. ஊர் வந்து, வயலைப் பார்த்து, வெடித்த மண்ணில் விரலை விட்டுப் பார்த்தார். பிறகு பையிலிருந்து தாம்பாளத்தை எடுத்து எல்லாவற்றையும் அழகாக அடுக்கிக்கொண்டு பாலத்தில் ஏறிவிட்டார்.

நானும் ஏறினேன். உட்கார்ந்து நகர்ந்துதான் போனேன்; காய்ந்த வாய்க்காலில் இறங்கி நடக்கலாம் என்று தோன்றவே இல்லை. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத மாட்டேன்.

பக்கிரிசாமி வீட்டு வாசலில் அவர் மனைவி வசந்தா நெல் துழாவிக்கொண்டிருந்தார். வெள்ளைக்காரர், தட்டு, மல்லிகை, பின்னால் நான். ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு உள்ளே ஓடினார். திரும்பி வரும்போது வேறு புடவை. பாய் விரித்தார்கள். சொம்பில் தண்ணீர் வந்தது. பக்கிரிசாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

“ஒரு வார்த்த சொல்லி அனுப்பியிருந்தா தயாரா இருந்திருப்போம். பொண்ணு ஒரத்தநாட்டுல மாட்டு டாக்டருக்குப் படிக்குது. படிப்பு முடியட்டும்னு பாக்குறோம்” என்றார்.

லூக்காஸ் சார் கவலையோடு தலையாட்டினார். “படிப்பு முடியும் வரை பயிர் தாங்காது, ஐயா.”

“பையன் சிங்கப்பூர்லதான இருக்காரு? அவருக்கு என்ன அப்படி அவசரம்?”

அண்ணன் மகன் சிங்கப்பூரில் இருந்தான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. தட்டைப் பார்த்தேன். மஞ்சள், குங்குமம், வளையல், பூ. எங்கள் பக்கத்தில் இந்தத் தட்டோடு வந்தால் பெண்ணுக்குப் பூ வைத்து நிச்சயம் பண்ண வந்திருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம். அதுவும் இரண்டு வருஷம் பேசாத வீட்டுக்கு. நின்ற இடத்திலேயே பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்றிருந்தது.

சுற்றி வளைத்துப் பேச எனக்கு எப்போதுமே வராது.

“அண்ணே, நாங்க பூ வைக்க வரல. தண்ணி கேட்டு வந்தோம். சாருக்கு நம்ம வழக்கம் தெரியாது. தப்பு எம்மேலதான். மன்னிச்சிக்குங்க.”

பக்கிரிசாமி முகம் சிவந்துவிட்டது. முதலில் சிரித்தது வசந்தாதான். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, தோள் குலுங்க. கொஞ்ச நேரம் பக்கிரிசாமி விறைப்பாக இருந்து பார்த்தார். முடியவில்லை. அவரும் சிரித்துவிட்டார்.

“கலியமூர்த்தி அனுப்பிச்சானா?”

“இல்லண்ணே. வேணாம்னு கத்திக்கிட்டு அந்தக் கரையிலதான் நிக்குது.”

அவர் எழுந்து உள்ளே போய் ஒரு பழுப்புக் கவரைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். அவர்களும் கலெக்டருக்கு மனு தயார் செய்திருந்தார்கள். “மேற்படி தென்கரைவாசிகள் அராஜகமான முறையில்” என்று தொடங்கியது. அதே மார்ஜின், அதே இடைவெளி. திருத்துறைப்பூண்டியில் டைப் கடை வைத்திருக்கிற என் மாணவி அடித்தது. நான் சொல்லிக்கொடுத்த வாக்கியத்தை வைத்து என் அண்ணனையே திட்டியிருந்தாள்.

லூக்காஸ் சார் இந்த மனுவையும் கேட்டுவிட்டு, “ஊர்ப் பெயரை மாற்றினால் ஒரே மனு” என்றார்.

“எங்களுக்கு மட்டும் தண்ணி வருதுன்னு யாரு சொன்னா? வந்து பாருங்க தங்கச்சி” என்றார் பக்கிரிசாமி. கொல்லைப்புற வழியாகக் கூட்டிக்கொண்டு போனார். அவர் வயலும் வெடித்துக் கிடந்தது. மண் மூட்டைக்கு மேல்பக்கம் கணுக்கால் அளவு தண்ணீர்கூட இல்லை. “மூட்டைய எடுத்தாலும் உங்களுக்கு வந்து சேராது. மேல மதகுகிட்ட ஆகாயத்தாமரை அடைச்சிக் கெடக்கு. மூணு ஷட்டர்ல ரெண்டு ஏறவே மாட்டேங்குது. ரெண்டு ஊரும் கீழயே அடிச்சிக்கிட்டு நிக்கிறோம், எவன் மேல போயிப் பாத்தான்?”

நாங்களும் பார்க்கவில்லை. மதகு இரண்டு மைல்தான்.

கிளம்பும்போது வசந்தா தட்டைத் திருப்பிக் கொடுத்தார். வந்த தட்டை வெறுமையாக அனுப்புகிற வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. அதில் ஒரு பெரிய பரங்கிக்காய் உட்கார்ந்திருந்தது. மல்லிகையை மட்டும் அவர் தலையில் வைத்துக்கொண்டிருந்தார். “பூவத் திருப்பிக் குடுக்கக் கூடாதுங்க” என்றார்.

பக்கிரிசாமி கரை வரைக்கும் வந்தார். அண்ணன் அந்தப் பக்கம் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். நடுவில் காய்ந்த வாய்க்கால்.

“கலியமூர்த்தி, தட்டு வந்துடிச்சி. இப்ப நீ வரலேன்னா மரியாத கெட்டது எனக்கா, ஒனக்கா?”

அண்ணன் கொஞ்ச நேரம் பரங்கிக்காயைப் பார்த்தான். பிறகு பாலத்தைக்கூடத் தேடாமல் வாய்க்காலிலேயே இறங்கி நடந்து வந்தான். தண்ணீர் இருந்தால் அப்படி வந்திருக்க முடியாது.

மூன்று பிரதி

ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து புது மனு அடித்தேன். “வடகரை, தென்கரை விவசாயிகளாகிய நாங்கள்.” யார் மேலும் புகார் இல்லை. ஷட்டரையும் ஆகாயத்தாமரையையும் பற்றி மட்டும். என் தொழிலில் அவ்வளவு சாதுவான மனுவை நான் அடித்ததே இல்லை.

முதல் கையெழுத்து பக்கிரிசாமி, இரண்டாவது அண்ணன். பிறகு இரண்டு ஊரும், மூன்று பிரதியிலும். அண்ணன் பேனாவை லூக்காஸ் சாரிடம் நீட்டினான். “நீங்களும் போடுங்க சார்.”

“நான் போட வேண்டிய இடம் இதுவன்று” என்றார். கார்பன் பிரதி ஒன்று மட்டும் கேட்டு வாங்கி, மடிக்காமல் ஒரு புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை இரண்டு ஊரும் ஒரே வேனில் போய் நின்றது. சண்டைக்காரர்கள் சேர்ந்து வந்ததைப் பார்த்தே ஆபீஸில் எழுந்துவிட்டார்கள் என்று அண்ணன் இன்றைக்கும் சொல்லுவான். மறுநாள் அதிகாரி வந்தார், மெஷின் வந்தது. ஆகாயத்தாமரையை இழுத்துப் போட இரண்டு ஊரும் இறங்கியது. வியாழக்கிழமை சாயங்காலம் எங்கள் வயலில் தண்ணீர் ஏறியது. கடைசித் துண்டு நிலம் பதராகத்தான் போனது. மற்றது பிழைத்தது. வரப்பில் நின்று அண்ணன் அழுதான். நானும் அழுதேன், எனக்கென்ன வெட்கம்.

அறுவடை முடிவதற்குள் லூக்காஸ் சார் வீட்டைக் காலி செய்துவிட்டார். யவனர்கள் ஆயிரக்கணக்கான வருஷம் காத்திருந்தவர்கள், இன்னும் கொஞ்சம் காத்திருப்பார்கள் என்றார். ஹசனைப் பற்றி அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பதினெட்டுப் படியும் கூடவே இறங்கி அவரை வழியனுப்பினேன். அவ்வளவுதான்.

திரும்பி வந்தது

ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கும். தடித்த உறையில் தபால் வந்தது. உள்ளே நடுங்குகிற எழுத்தில் சில வரிகள்தான்.

“நூறு அடி நடந்தேன். கேட்டிலிருந்து அல்ல, ஊற்றிலிருந்து எண்ணினேன். தட்டும் கொண்டுசென்றேன், இம்முறை பூ இல்லாமல். தங்கள் மனுவை ஹசனுக்குப் படித்துப் பொருள் சொன்னேன். நெல்லை அவர் கண்டதில்லை, முறைத் தண்ணீர் என்றால் தெரியும். எங்கே கையெழுத்திட வேண்டும் என்று கேட்டார்.”

கூடவே அந்தக் கார்பன் பிரதி. கடைசிப் பக்கத்தில், எங்கள் ஊர்க் கையெழுத்துகளும் கைநாட்டுகளும் முடிகிற இடத்தில், புது மையில் இரண்டு பெயர். ஒன்று லூக்காஸ். அதற்கு மேலே, முதலில் போட்டது தெரிகிற மாதிரி, பெரிய பெரிய இங்கிலீஷ் எழுத்தில் ஹசன்.

அதை எடுத்துக்கொண்டு அந்த ஞாயிற்றுக்கிழமையே ஊருக்குப் போனேன். பாலத்தின் பக்கத்தில் அண்ணனும் பக்கிரிசாமியும் முறை மாற்றிக்கொண்டிருந்தார்கள். வாய்க்காலில் இடுப்பளவு தண்ணீர் ஓடியது.

பக்கிரிசாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பெயராக விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். கடைசியில் ஹசன் பெயரில் விரல் நின்றது.

“இது யாரு, நமக்குத் தெரியாத ஆளா இருக்கே. எந்தக் கரை?”

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் சொன்னான்.

“எதிர்க்கரை.”